பயிற்சி விமானங்களில் கறுப்புப் பெட்டி இருக்குமா? மாணவர் தப்பாக ஓட்டினால் விமானம் எச்சரிக்குமா?

சின்னப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி இருக்காது. அந்தக் கட்டாயம் பொதுவாக 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத்தான். நான் பயிற்சி எடுத்த செஸ்னா 172 முழுச் சுமையோடும் 1,160 கிலோவைத் தாண்டாது.

எச்சரிக்கை உண்டு. மாணவர் முதலில் பயப்பட வேண்டியது ஸ்டாலுக்குத்தான். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையின் மேல்புறம் ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். அந்த வேகத்துக்கு 5 முதல் 10 நாட் (விமான வேகத்தின் அலகு) முன்னதாகவே ஒரு ஹார்ன் முனகத் தொடங்கும். இதற்கு மின்சாரமே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏற ஏற அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளே ஒரு ரீடு (அதிரும் மெல்லிய தகடு) வழியாகக் காற்று இழுக்கப்படும். ஹார்மோனியத்தில் ஒலி வருவதைப் போலத்தான். புறப்படும் முன் சோதிக்க, துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை, விமானக் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஹார்ன் பார்ப்பது கோணத்தை, வேகத்தை அல்ல. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது ஸ்டால் ஆகத் தொடங்கும் வேகம், சுமார் 40 சதவீதம் கூடிவிடும். வேகமானியில் முள் தாராளமாக நிற்கும்போதே ஹார்ன் அலறும். அப்போது நம்ப வேண்டியது ஹார்னைத்தான். ஆனால் தரையிறங்கும்போது, சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நொடியில் அது ஒலித்தால் பல இன்ஸ்ட்ரக்டர்களுக்கு மகிழ்ச்சி; மூக்கைத் தூக்கி, மெதுவான வேகத்தில் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, பதிவு? கார்மின் ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் திரை பொருத்திய 172 என்றால், அதில் செருகிய எஸ்டி கார்டில் நொடிக்கு ஒருமுறை வேகம், உயரம், மூக்கின் கோணம், சாய்வு, ஜிபிஎஸ் இடம், இன்ஜின் வெப்பம் எல்லாம் வரிவரியாகச் சேரும். எக்செல்லில் திறக்கலாம். தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்போது உங்கள் வேகம் எப்படி ஊசலாடியது என்பதை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்.

ஆனால் இது கறுப்புப் பெட்டி அல்ல. அந்தப் பெட்டி 1,100 டிகிரி செல்சியஸ் நெருப்பில் ஒரு மணி நேரம் தாங்கும்படி செய்யப்படுவது; இதுவோ சாதாரண மெமரி கார்டு. தரையில் தட்டிய வேகத்தில், அந்த அதிர்ச்சியை அளக்கும் ஜி விசையின் உச்சம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே நழுவிவிடலாம். ரட்டரை (வாலில் உள்ள சுக்கானை) எந்தக் காலால் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதும் அதில் வராது. ஹார்ன் வெறும் காற்றில் ஓடுவதால் அது எப்போது ஒலித்தது என்பதும் கார்டுக்குத் தெரியாது.

அதனால் இறங்கியவுடனே, இன்ஸ்ட்ரக்டரோடு பேச உட்காருவதற்கு முன்பே, எந்தச் சுற்றில் எங்கே ஹார்ன் கேட்டது என்று ஒரு தாளில் கிறுக்கி வையுங்கள். அப்புறம் கார்டில் அந்த நொடிகளைத் தேடிப் பிடிப்பது சுலபம்.