எட்டு நாள் விடுமுறையும் இரண்டு ஈட்டு நாட்களும்

அன்புள்ள ஐயா,

சீனாவின் சூஜோ நகரின் தொழிற்பூங்காப் பகுதியில் நாங்கள் குடியேறிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. கணவருக்கு இங்கே ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. நாங்கள் சைவம். இந்த 2025-இல் அக்டோபர் 1 முதல் 8 வரை விடுமுறை என்றதும் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. மதுரையில் இருக்கும் மாமியார் நவராத்திரிக்கு ஊருக்கு வரச் சொல்கிறார். பிள்ளைகள் பெய்ஜிங் போய்ப் பெருஞ்சுவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். கணவரோ வீட்டை விட்டு நகர்வதில்லை என்கிறார். போதாக்குறைக்கு செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் 11 சனிக்கிழமையும் அவருக்கு வேலை நாளாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வதை விடுமுறை என்று எப்படிச் சொல்வது? ஊரே எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும்போது நாங்கள் மட்டும் வீட்டில் அடைந்து கிடந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோக மாட்டார்களா? பல ஆண்டுகளாக இந்த ஊரில் குடும்பத்தோடு வாழும் தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தங்கள் வாசகி,
சூஜோ

அன்புள்ள சகோதரி,

நான் உங்கள் கணவரின் கட்சி. அந்த எட்டு நாட்களில் வெகுதூரம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பிள்ளைகளின் பெருஞ்சுவரை அவர் ஒரேயடியாகத் தட்டிக்கழிப்பாரானால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்தப் பயணத்தை அக்டோபர் கடைசிக்குத் தள்ளி வைத்தால் போதும்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். எட்டு நாட்களில் அரசு தரும் விடுமுறை உண்மையில் நான்கே நாட்கள்தான்: தேசிய நாளுக்காக அக்டோபர் 1, 2, 3, முழுநிலவைக் கொண்டாடும் நடு இலையுதிர்காலத் திருநாளுக்காக அக்டோபர் 6. நான்காம், ஐந்தாம் தேதிகள் எப்போதும் வரும் சனியும் ஞாயிறும். மிஞ்சிய 7, 8 ஆகிய இரண்டும், உங்கள் கணவர் முன்னதாக ஒரு ஞாயிறும் பின்னதாக ஒரு சனியும் வேலை செய்து ஈடுகட்டும் நாட்கள். ஆகவே யாரும் எதையும் பிடுங்கவில்லை. இடம் மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு சீனர்களுக்கே பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை வெளியானதும் இங்கே எழும் முணுமுணுப்பு உங்கள் கடிதத்தைவிடக் காரமாகவே இருக்கும்.

பிடிக்காத ஏற்பாடு ஏன் நீடிக்கிறது என்றால், பெரும்பாலோருக்கு வேறு விடுப்பு இல்லை. ஓராண்டுக்கு மேல் பத்தாண்டுக்குள் பணியாற்றியவருக்குச் சட்டம் உறுதி செய்யும் ஊதிய விடுப்பு ஆண்டுக்கு 5 நாட்கள்; பத்தாண்டு கடந்தால் 10, இருபது ஆண்டு கடந்தால் 15. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின், மக்கள் கைப்பணத்தை உள்நாட்டிலேயே செலவழிக்கட்டும் என்று 1999-இல் தொடங்கிய இந்த நீண்ட விடுமுறைகளில், மே மாதத்துடையது 2008-இல் சுருங்கிவிட்டது. எனவே சீனப் புத்தாண்டை விட்டால், ஆன்ஹுய், ஹெனான் போன்ற மாகாணங்களிலிருந்து உங்கள் கணவரின் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் தொழிலாளி ஒருவர் பெற்றோரையும், பல நேரம் அவர்களிடம் விட்டுவந்த குழந்தையையும் போய்ப் பார்ப்பதற்கு வாய்த்த நீண்ட இடைவெளி இது ஒன்றுதான். அக்டோபர் முதல் தேதி ரயிலில் ஓர் இருக்கை அவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு நமக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். நமக்கு மற்ற வாரங்கள் இருக்கின்றன.

நெரிசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் சீட்டு பதினைந்து நாட்களுக்கு முன் விற்பனைக்கு வரும். முக்கியத் தடங்களில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துபோகும். சாலை வழியே போகலாம் என்று எண்ணினால், இந்த வாரத்தில் சிறிய கார்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் கிடையாது. 2012 முதல் இருந்துவரும் இந்தச் சலுகையின் பயனை எல்லோரும் ஒரே காலையில் அனுபவிக்கப் புறப்படுகிறார்கள். பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதியில் ஒரு நாளைக்கு 65,000 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வரம்பு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் சுமக்கப்போகிற தந்தை ஒரு கணம் யோசிக்க வேண்டும். நம் வீட்டருகே இருக்கிற பிங்ஜியாங் தெருவும், நடைபாதை முழுவதும் மனிதர்களாக, அந்த நாட்களில் நமக்கு உரியதாக இருக்காது.

மதுரைப் பயணம் வேறு விஷயம். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வருவதிலேயே எட்டில் மூன்று நாள் கரைந்துவிடும், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறையும் சேர்ந்து நீளும் சீனப் புத்தாண்டின்போது ஊருக்கு வருவதாக உங்கள் மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நாள் குறித்துச் சொன்னால் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி, ஏமாந்துபோகாமல் வீட்டில் இருப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இந்த ஆண்டு ஆயுத பூசை அக்டோபர் 1-ஆம் தேதியே வருகிறது, மறுநாள் விசயதசமி. வேலை நாளில் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓடும் நம் புலம்பெயர் வாழ்வில், பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும். கொலு வைப்பீர்களானால், இரண்டு படி போதும், இப்போதே ஒரு சனிக்கிழமை பக்கத்து நகரமான வூஷிக்குப் போய் வாருங்கள். அதிவேக ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும். அங்கே ஹுய்ஷான் மலையடிவாரத்துக் களிமண்ணில் பொம்மை செய்வது பரம்பரைத் தொழில். ஒரு விலங்கை மடியில் அணைத்துக்கொண்டு சிரிக்கும் கொழுகொழுப்பான குழந்தைப் பொம்மையைக் கடைக்குக் கடை வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பார்க்க வரும் சீன அண்டை வீட்டார் முதலில் அதைத்தான் அடையாளம் கண்டு மகிழ்கிறார்கள். அவர்களுக்குச் சுண்டல் கொடுங்கள். காரத்தை மட்டும் குறையுங்கள். சூஜோக்காரர்கள் இனிப்பு நாக்கு உடையவர்கள்.

அவர்கள் பதிலுக்கு, நடு இலையுதிர்காலத் திருநாளின் பலகாரமான மூன்கேக் தருவார்கள், கணவரின் அலுவலகத்திலிருந்தும் ஒரு பெட்டி வரும். சைவக் குடும்பம் என்பதால் ஒரு எச்சரிக்கை. உள்ளே உப்பிட்ட வாத்து முட்டைக் கரு இருப்பது வெட்டினால் தெரியும். மேல் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பது தெரியாது, சூஜோவின் அடுக்கடுக்கான மாவு வகையில் அது மரபாகவே உண்டு. சைவமாகவே வேண்டுமென்றால் நகருக்கு மேற்கே லிங்யான் மலையிலுள்ள பௌத்த மடாலயத்தில் செய்யும் மூன்கேக் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், நிற்கலாம். ஆனால் இந்தப் பருவத்தின் உண்மையான விருந்து சந்தையில்தான் இருக்கிறது. நம் கடைகளில் மக்கானா என்று பொரித்து விற்பார்களே, அதே செடியின் விதையை இங்கே பச்சையாக உரித்து விற்கிறார்கள். விரல் நுனியில் உலோக நகத்தை மாட்டிக்கொண்டு பெண்கள் ஒவ்வொன்றாக உரிப்பதால் விலை கூடுதல். கொதிநீரில் ஓரிரு நிமிடம் மட்டும் விட்டு, சர்க்கரையும் உஸ்மாந்தஸ் என்ற நறுமணப் பூவும் சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால், உங்கள் மகள் அதற்குப் பிறகு மூன்கேக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். திருநாளன்று இவ்வூரார் சேப்பங்கிழங்கும் பச்சைச் சோயாக்காயும் அவித்துச் சாப்பிடுவது வழக்கம். அது நமக்குப் புதிதே அல்ல. நண்டு அனுப்புவோர் இருந்தால் அன்போடு வேறு யாருக்காவது கைமாற்றி விடுங்கள். யாங்செங் ஏரியின் நண்டுக்காக ஷாங்காயிலிருந்து வருவோர் உண்டு.

விடுமுறையில் வெளியூர் நண்பர்கள் உங்கள் வீட்டில் தங்க வந்தால், அவர்கள் வெளிநாட்டவராக இருக்கும் பட்சத்தில், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்கல் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். விடுதியில் தங்கினால் அதை விடுதியே செய்துவிடும்.

இந்த இலையுதிர்காலத்தின் சிறந்த பகுதி விடுமுறை முடிந்த மறுநாள்தான் தொடங்குகிறது. சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதம் 18-ஆம் நாளை ஒட்டி ஜெஜியாங் மாகாணத்து ஹைநிங் நகரில் சியன்தாங் ஆற்றை எதிர்த்து ஏறும் கடலலை மிக உயரமாக வரும். இந்த ஆண்டு அது அக்டோபர் 9, வியாழக்கிழமை. அன்றிரவே நம் ஊரின் ஷிஹு ஏரியில், ஒன்பது வளைவுகள் கொண்ட சிங்சுன் பாலத்தடியில் நிலாக்கள் வரிசையாகக் கோத்தாற்போலத் தெரியும் என்று சொல்லி மக்கள் கூடுவது பழைய வழக்கம். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும். நான் போனபோதெல்லாம் இருந்தது. வேலை முடிந்து நால்வரும் போய் வரலாம். இவ்வூர்த் தியன்பிங் மலையின் மரங்கள் சிவக்க நவம்பர் பிற்பகுதி ஆகும், சூஜோவின் புகழ்பெற்ற பழந்தோட்டங்களையும் அதுவரை விட்டுவையுங்கள்.

பெய்ஜிங்குக்கு அக்டோபர் கடைசி வெள்ளியன்று கணவரை ஒரு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், மகளின் பள்ளியிலும் சொல்லிவிடுங்கள். சூஜோ வடக்கு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 மணி நேரப் பயணம். அப்போது அங்கே மலையிலைகளும் சிவந்திருக்கும். 2023 முதல் குழந்தைச் சீட்டு உயரத்தைப் பார்த்து அல்ல, வயதைப் பார்த்துத் தரப்படுவதால், ஆறு வயது நிரம்பாத மகன் தனி இருக்கை கேட்காவிட்டால் இலவசமாக வரலாம், மகளுக்குப் பாதிக் கட்டணம். பாதாலிங்கை விட்டு முதியான்யு பகுதிக்குப் போங்கள். ஏற்றத்துக்குக் கம்பிவட ஊர்தி இருக்கிறது. நால்வர் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் ரயில் செயலியில் இன்றே பதிந்து வையுங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இட்ட நம் கடவுச்சீட்டுகளைச் செயலி முதல் முறையிலேயே ஏற்பது அபூர்வம். மறுத்தால் நிலையத்துச் சாளரத்தில் கடவுச்சீட்டைக் காட்டிச் சரிசெய்துகொள்ள உங்களுக்கு இப்போது நாள் இருக்கிறது.

அன்புடன்.