ஒரே கான்ஃபரன்ஸில் இரண்டு கல்லூரி: யாருடைய விளையாட்டுத் துறை மேல்?

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவில் வசிக்கிறோம். 11-ஆம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் நீச்சல் வீராங்கனை. ஏ.சி.சி. (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற, தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழுவைச் சேர்ந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் கோச்கள் எங்களோடு பேசிவருகிறார்கள். ஒருவர் டைரக்டர்ஸ் கப் தரவரிசையைக் காட்டுகிறார். இன்னொருவர் பத்தாண்டுகளில் வென்ற கான்ஃபரன்ஸ் பட்டங்களை எண்ணிக் காட்டுகிறார். எந்த விளையாட்டுத் துறை உண்மையிலேயே மேல் என்று நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு கணக்குத்தாளும் ஒரு சனிக்கிழமையும் போதும். இருவரும் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அவரவர் தங்களுக்குச் சாதகமான அளவுகோலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டைரக்டர்ஸ் கப் என்பது பல விளையாட்டுகளின் முடிவுகளைக் கூட்டிக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் கோப்பை. 1993-94-இல் தொடங்கியது. தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஒரு அணி எந்த இடத்தில் முடித்தது என்பதற்கு மட்டுமே அதில் பாயின்ட். முதலிடத்துக்கு 100, இரண்டாம் இடத்துக்கு 90, பிறகு படிப்படியாகக் குறையும். ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 19 விளையாட்டுகள்தான் கணக்கில் வரும். நிறைய அணிகள் வைத்திருக்கும் கல்லூரி அவற்றில் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுக்கலாம். 16, 17 அணிகளே உள்ள கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. 36 விளையாட்டுகள் வரை நடத்திவந்த ஸ்டான்ஃபோர்ட் 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 முறை வென்றதில் திறமையோடு இந்த அகலத்துக்கும் பங்கு உண்டு. கான்ஃபரன்ஸில் ஐந்தாவதாக வந்து தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாத அணியின் உழைப்பு அந்தக் கோப்பையின் கணக்கில் பூஜ்யம்.

பட்டங்களை எண்ணுவதிலும் ஓட்டை உண்டு. ஆண்டுதோறும் இரண்டாவதாக வரும் அணியும் கடைசியாக வரும் அணியும் அதில் ஒன்றுதான். லீக் சுற்றில் முதலிடம் ஒரு பட்டம், சீசன் முடிவில் நடக்கும் டோர்னமென்ட் இன்னொரு பட்டம் என்று இரட்டையாக எண்ணும் கல்லூரிகளும் உண்டு. எண்ணைக் காட்டினால் எதையெல்லாம் சேர்த்தது என்று கேளுங்கள்.

உங்கள் கணக்கு இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு விளையாட்டிலும் கான்ஃபரன்ஸ் அணிகளின் எண்ணிக்கையிலிருந்து அந்தக் கல்லூரியின் இடத்தைக் கழியுங்கள். அதை, அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். முதலிடத்துக்கு 100, கடைசி இடத்துக்கு 0 வரும். 15 அணிகளில் நான்காவது என்றால் 11-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும்: 78.6. ஐந்தே அணிகள் உள்ள விளையாட்டில் அதே நான்காம் இடத்துக்கு 25தான். வெறும் இடத்தை வைத்துச் சராசரி எடுத்தால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். இரண்டு அணிகள் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டால் இரண்டுக்கும் 2.5 என்று வையுங்கள்.

அந்த விளையாட்டை நடத்தாத கல்லூரிக்குப் பூஜ்யம் போடாதீர்கள். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஏ.சி.சி.யில் 18 பல்கலைக்கழகங்கள் இருந்தாலும் சிரக்யூஸுக்கும் எஸ்.எம்.யூ.வுக்கும் (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) பேஸ்பால் அணி கிடையாது. எனவே அந்த வரிசையில் மொத்தம் 16. எத்தனை விளையாட்டு நடத்துகிறார்கள் என்பதைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். அது வேறு கேள்வி.

பெரிய தவறு நடப்பது லீக் சுற்றா, டோர்னமென்ட்டா என்ற இடத்தில்தான். 2024-இல் வட கரோலினா ஸ்டேட் ஆண்கள் கூடைப்பந்து அணி ஏ.சி.சி. லீக் சுற்றில் அப்போதிருந்த 15 அணிகளில் பத்தாவது. பிறகு ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று டோர்னமென்ட் பட்டத்தை எடுத்தது. 1987-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் பட்டம். அங்கிருந்து தேசிய அரையிறுதி வரை போனார்கள். லீக் இடத்தை எடுத்தால் மதிப்பெண் 35.7, டோர்னமென்ட்டை எடுத்தால் 100. மறக்க முடியாத சாதனைதான். ஆனால் ஒரு துறையின் தரத்தை அளக்க, மாதக்கணக்கில் நடந்த 20 ஆட்டங்கள்தான் நம்பகமானவை. பந்து விளையாட்டுகளுக்கு லீக் இடத்தை எடுங்கள். நீச்சல், தடகளம், கோல்ஃப், கிராஸ் கன்ட்ரிக்குக் கான்ஃபரன்ஸ் மீட்டின் (எல்லா அணிகளும் ஒன்றாக மோதும் போட்டி) இடத்தையே எடுங்கள். அவற்றில் லீக் அட்டவணை என்று ஒன்று இல்லை.

எல்லா விளையாட்டுகளின் மதிப்பெண்களுக்கும் ஐந்து ஆண்டுச் சராசரி எடுங்கள். ஒரு வருடம் காயமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து எதையும் புரட்டிவிடும். கான்ஃபரன்ஸ் மாறிய கல்லூரி என்றால் மாறிய ஆண்டிலிருந்து மட்டும் எடுங்கள்: ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா (பெர்க்லி), எஸ்.எம்.யூ. மூன்றும் ஏ.சி.சி.க்கு வந்தது 2024-இல்தான்.

அடுத்தது பணம். அமெரிக்கக் கல்வித் துறையின் ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ் இணையதளத்தில் தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கும் கிடைக்கும். அணிவாரியான செலவு, வீரர் எண்ணிக்கை, ஆள் சேர்ப்புச் செலவு எல்லாம் உண்டு. வரவும் செலவும் டாலர் பிசகாமல் சமமாக இருந்தால் துறை சொந்தக் காலில் நிற்கிறது என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழகம் பற்றாக்குறைக்குக் கொடுத்த பணமும் வரவில் சேர்ந்திருக்கலாம். ஓட்டப் பந்தயப் பெண்களின் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம்: கிராஸ் கன்ட்ரி, இன்டோர் தடகளம், அவுட்டோர் தடகளம் மூன்றிலும் ஓடும் ஒருத்தி மூன்று பேராக எண்ணப்படுவாள். பெண்கள் அணியோடு பயிற்சிக்கு மட்டும் ஆடும் ஆண்களும் பெண்கள் அணிக் கணக்கில் வருவார்கள்.

பெண்கள் நீச்சல் செலவில் கான்ஃபரன்ஸில் ஒன்பதாவது, முடிவில் நான்காவது என்றால் அந்த கோச்சிடம் விஷயம் இருக்கிறது. செலவில் இரண்டாவது, முடிவில் ஒன்பதாவது என்றால் ஏன் என்று நேரடியாகவே கேளுங்கள்.

படிப்புக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒவ்வொரு அணிக்கும் ஏ.பி.ஆர். (கல்வி முன்னேற்ற விகிதம்) என்ற எண்ணை வெளியிடுகிறது. ஸ்காலர்ஷிப் பெறும் மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியிலேயே தொடர்ந்தால் ஒரு புள்ளி. 12 பேர், இரண்டு செமஸ்டர் என்றால் 48 புள்ளி. மூன்று போய்விட்டால் 45-ஐ 48-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்க, 938. நான்காண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் அணி சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் ஆடும் தகுதியை இழக்கும். பட்டம் முடிப்போர் விகிதத்தில் ஜி.எஸ்.ஆர். என்ற என்.சி.ஏ.ஏ.வின் விகிதம் நல்ல நிலையில் வேறு கல்லூரிக்கு மாறியவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடும். அரசின் விகிதம் அவர்களையும் முடிக்காதவர்களாகவே எண்ணும். ஒரு கல்லூரி ஒன்றையும் மற்றது இன்னொன்றையும் காட்டினால் ஒப்பிட முடியாது.

இவ்வளவும் துறையைப் பற்றியது. உங்கள் மகள் துறையில் நீந்தப்போவதில்லை, ஒரு லேனில் நீந்தப்போகிறாள். கான்ஃபரன்ஸ் மீட்டின் முழு முடிவுகளை எடுத்து, அவளுடைய போட்டியில் 8, 16, 24-ஆம் இடங்களின் நேரத்தை மூன்று ஆண்டுகளுக்கு எழுதுங்கள். அவளுடைய சிறந்த நேரம் எங்கே விழுகிறது என்று தெரியும். கல்லூரிப் போட்டி 25 கெஜக் குளத்தில் நடப்பது. 50 மீட்டர் குளத்து நேரத்தை அதோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

பிறகு அந்த அணியில் இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் பெண்களை, நீச்சல் நேரங்களைத் தொகுக்கும் ஸ்விம்கிளவுட் தளத்தில் தேடி, பள்ளி நாட்களின் சிறந்த நேரத்தையும் இன்றைய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏழு பேரில் ஐந்து பேர் வேகம் கூடியிருக்கிறார்களா, இல்லை 17 வயது நேரத்திலேயே நிற்கிறார்களா? மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அணிப் பட்டியலில் முதலாண்டில் இருந்த எட்டுப் பேரில் இன்று எத்தனை பேர் மிச்சம்? எட்டில் மூன்று என்றால் அங்கே ஏதோ சரியில்லை. எந்தக் கோப்பையும் இதை உங்களுக்குக் காட்டாது.

கடைசியாக, ஸ்காலர்ஷிப். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு முன்பு பெண்கள் நீச்சல் அணிக்கு 14 ஸ்காலர்ஷிப்தான் வரம்பு. உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் இருக்கக்கூடிய ஆட்களுக்கு வரம்பு வந்திருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதே உடன்பாடு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி திறந்திருக்கிறது. 2025-26-க்கு அதன் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். பல இடங்களில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. எனவே இரு கோச்களிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: அடுத்த ஆண்டு பெண்கள் நீச்சலுக்கு மொத்தம் எத்தனை முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான பணம், எத்தனை பேருக்கு இடம், அதில் முதலாண்டுக்கு எவ்வளவு?