தரங்கம்பாடிக் கோட்டையும் மீனவர் தெருவும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் தரங்கம்பாடி சென்று வந்தேன். டேனியர்களின் டான்ஸ்பர்க் கோட்டை கம்பீரமாக இருக்கிறது. ஆனால் வெளியே வந்தால் ஒரு பக்கம் வலைகள் கிடக்கின்றன, இன்னொரு பக்கம் கருவாடு காய்கிறது, கோட்டைக்கு எதிரே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சுனாமிக்குப் பிறகும் மீனவர்கள் கடலோரத்தை விடாமல் இருப்பது வியப்பாக இருந்தது. அவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்துவிட்டுக் கோட்டையைச் சுற்றிப் பூங்கா அமைத்தால் நல்ல சுற்றுலாத் தலமாகிவிடாதா? ஜனவரியில் எங்கள் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்ல இருக்கிறேன். அவர்களுக்கு எவற்றைக் காட்டலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஓர் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பூங்கா யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோட்டை நானூறு ஆண்டுகளாக நிற்பதற்கு அதைச் சுற்றியிருக்கும் ஊரே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1620-ஆம் ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் வந்த ஓவே ஜெட்டேவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அங்கே கோட்டை எழுந்தது. அப்போது அது ஆளில்லாத மணல்வெளியாக இருக்கவில்லை. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் மாசிலாமணிநாதர் கோயில் அங்கே கட்டப்பட்டுவிட்டது. கோயில் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. டேனியர்கள் தேடி வந்ததே, ஏற்கெனவே வணிகமும் படகோட்டத் தெரிந்த மக்களும் இருந்த ஒரு கடற்கரையைத்தான்.

படகோட்டத் தெரிந்த மக்கள் என்பதை நீங்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் கரையணையும் வசதி இருக்கவில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, இடையிலுள்ள அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்க்க உள்ளூர்ப் படகுகளால் மட்டுமே முடிந்தது. அந்தப் படகுகளின் பலகைகள் ஆணியடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். அலை மோதும்போது அவை உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். கோட்டையின் பீரங்கியும், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவும், சில ஆண்டுகளில் அவரைத் தொடர்ந்து வந்த அச்சு இயந்திரமும் இப்படித்தான் கரையேறியிருக்க வேண்டும். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததைக் கொண்டாடும் நாம், அந்த இயந்திரத்தைக் கரைசேர்த்த துடுப்புக்காரர்களை ஒருமுறையாவது நினைத்திருக்கிறோமா?

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. 1639-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட தரங்கம்பாடிக்குப் புறப்படவில்லை. போரினாலும் கடனாலும் நொடித்துப்போன டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி 1650-இல் கலைக்கப்பட்டது. கோட்டையிலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தும் விலகியும் போக, 1655-வாக்கில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனியர் மட்டும் எஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாத எளிய மனிதர் என்று சொல்லப்படும் அவர், உள்ளூர் ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தஞ்சை நாயக்கரின் தாக்குதலையும் சமாளித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, 1669-இல் அடுத்த கப்பல் வரும்வரை கோட்டையைக் காத்தார். அத்தனை ஆண்டுகள் தனி ஒருவருக்குச் சோறு போட்டதும், காவல் நின்றதும், மதிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்ததும் ஊர்தானே!

1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பிறகு வணிகமும் அங்கே போயிற்று. வணிகர்களும் அதிகாரிகளும் ஊரை விட்டு விலகினார்கள். மீனவர்கள் விலகவில்லை. கோட்டை பயணியர் விடுதியாக இருந்து, பிறகு 1978-இல் தமிழகத் தொல்லியல் துறையிடம் வந்து சேர்ந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் இடையில் அந்தக் கரையில் நிலையாக இருந்தவர்களை, ஒரு பூங்காவுக்காக எழுந்து போகச் சொல்வது எப்படி நியாயமாகும்?

கோட்டைக்கு உண்மையான ஆபத்து எது என்பதை அருகே சென்று பார்த்தால் புரியும். கடற்காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு செங்கல்லுக்குள் இறங்கி, வெயிலில் உலர்ந்து படிகமாகிறது. அது விரியும்போது செங்கல்லின் மேற்பரப்பு ஏடு ஏடாக உரிகிறது. விரலால் தேய்த்தால் செம்பொடி கையோடு வரும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுக்கொடுக்கும். சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். கடலரிப்பின் வேகத்துக்கு மாசிலாமணிநாதர் கோயிலே சாட்சி. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. சுவரில் பெயர் கீறிவிட்டுப் போகும் நம்மைப் போன்ற பயணிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். உலரும் வலையால் கோட்டைக்கு ஒரு தீங்கும் இல்லை.

சுனாமிக்குப் பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அவ்வூர் மீனவர் குடும்பங்கள் இழந்தவை ஏராளம். அதன் பிறகு பல குடும்பங்களுக்கு உள்ளே தள்ளி வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஆனாலும் படகும் எஞ்சினும் வலையும் கரையில் இருக்க, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று விடியுமுன் முடிவெடுக்க வேண்டியவர்கள், கடல் தெரியாத இடத்தில் எப்படி இருப்பார்கள்? இங்கே ஏற்காட்டில், சேர்வராயன் மலையுச்சிக் கோயிலைச் சுற்றிப் பயணிகளுக்குப் பூங்கா வேண்டும் என்பதற்காக, இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களைக் காலி செய்யச் சொன்னால் நீங்களும் நானும் ஒப்புக்கொள்வோமா?

நம் சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த கோட்டையின் மதில் இன்று இல்லை. ஆனால் கோட்டை மாரியம்மனும் கோட்டை அழகிரிநாதரும் இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அம்மன் பண்டிகைக்குக் கூடும் மக்களால், அங்கே ஒரு கோட்டை இருந்த செய்தி இன்றும் வழக்கில் நிற்கிறது. தரங்கம்பாடிக்கு மதிலும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள். இது எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்?

குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும், வண்டிகளைக் கோட்டை வாசல்வரை விடக்கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன். அந்த ஊர் இளைஞர்களுக்கே வழிகாட்டிப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கலாம்.

இனி மாணவர்களுக்கான வழி. சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் போகலாம். காலையில் முதலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு 1792-இல் கட்டப்பட்ட நகர வாயில், அதையடுத்து இராஜ வீதியில் சீகன்பால்கு அடக்கமான 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம் ஆகியவற்றைக் காட்டிவிட்டுக் கோட்டைக்குள் நுழையுங்கள். மேல்தளத்தில், நடுவிலுள்ள ஒரே தூணில் ஒட்டகத் திமில் போன்ற நான்கு வளைவுகள் வந்து இறங்கும் கூடத்தைத் தவறவிடாதீர்கள். முன்கூட்டியே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி வைத்தால், மூத்த மீனவர் ஒருவரை மாணவர்களோடு ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். கேள்விகளை மாணவர்களே எழுதிக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
ஏற்காடு