நேரலை ஏன் நிற்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மண்டபத்திலிருந்து கல்யாணத்தை யூடியூபில் நேரலையாகக் கொடுக்கிறோம். ஸ்பீட் டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் முகூர்த்த நேரத்தில் படம் நின்றுவிடுகிறது. என்ன காரணம்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: அந்த 40 பெரும்பாலும் டவுன்லோட் வேகமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அப்லோட். சிம் கார்டு இணைப்பில் ஓட்டுகிறீர்கள் என்றால், மண்டபம் காலியாக இருக்கும்போது எடுத்த அளவை நம்பவே வேண்டாம். முகூர்த்தத்தின்போது வந்திருக்கும் அத்தனை போன்களும் அதே டவரைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

வேகத்தைவிட முக்கியமானவை மூன்று. இணையத்தில் தரவு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகப் போகிறது. பாக்கெட் போய்ச் சேர ஆகும் நேரம் லேட்டன்சி. அந்த நேரம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுவது ஜிட்டர். பாக்கெட் வந்து சேராமலே போவது பாக்கெட் லாஸ். ஸ்பீட் டெஸ்டின் பெரிய எண்ணில் இவை எதுவும் தெரியாது.

ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளிலிருந்து யூடியூபுக்குப் பொதுவாக ஆர்டிஎம்பி என்ற நெறிமுறை வழியாக அனுப்புகிறோம். அது டிசிபி (பாக்கெட்டுகளை விடாமல், வரிசையாகச் சேர்க்கும் முறை) மேல் ஓடுகிறது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பிச் சேர்க்கும்வரை பின்னால் வந்தவை காத்திருக்க வேண்டும். கேமரா காத்திருக்காது, புதிய ஃப்ரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) குவியும். குவியல் எல்லை தாண்டும்போது ஓபிஎஸ் ஃப்ரேம்களைக் கைவிடுகிறது.

ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்து வையுங்கள். 'ரெண்டரிங் லேக்' ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. 'என்கோடிங் லேக்' ஏறினால், படத்தைச் சுருக்கும் என்கோடருக்குச் சுமை அதிகம். 'நெட்வொர்க்' என்று குறித்த ட்ராப்டு ஃப்ரேம்ஸ் ஏறினால்தான் இணைப்பின் மேல் குறை. மூன்றாவது பூஜ்யத்திலேயே நிற்கும்போது டாங்கிளை மாற்றிப் பயனில்லை.

1080பி, வினாடிக்கு 30 ஃப்ரேமுக்கு பிட்ரேட்டை (வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 4500 கேபிபிஎஸ், அதாவது 4.5 எம்பிபிஎஸ் வையுங்கள். ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃப்ரேம் (முழுப் படமும் அடங்கிய ஃப்ரேம்) இடைவெளி 2 வினாடி. இதற்கு 9 எம்பிபிஎஸ் அப்லோட் நிலையாகக் கிடைக்க வேண்டும், அதாவது பிட்ரேட்டைப்போல் இரு மடங்கு. கிடைக்காவிட்டால் 720பி, 2500-க்கு இறங்குங்கள். அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானே குறைக்கும் வசதியையும் இயக்குங்கள். நேரலை ஓடும்போதே இன்னொரு சாளரத்தில் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். 40 மில்லிவினாடியில் இருந்தது திடீரென 400-க்குத் தாவினால் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்பிவிட்டது என்று பொருள். பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே கேபிள் போட முடிந்தால் வைஃபையைத் தொடாதீர்கள்.

கேள்வி: யூடியூபில் கொடுக்கும் கல்யாண நேரலையை வெளிநாட்டிலிருந்து பார்க்கும் மகன் 20 வினாடி பின்தங்கியே பார்க்கிறான். தூரம்தான் காரணமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: இல்லை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகிறது. 15,000 கி.மீ. கடக்க 75 மில்லிவினாடி போதும். ரவுட்டர்கள், சுற்றுவழிகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும்.

தாமதம், படத்தைத் துண்டு போட்டு அனுப்பும் முறையில் இருக்கிறது. ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் வீடியோவைச் சிறு கோப்புகளாக வெட்டி, சாதாரண வலைப்பக்கம் போலவே ஹெச்டிடிபியில் தருகிறது. ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டு நீளம் 6 வினாடி. நேரலையின் நுனியிலிருந்து குறைந்தது மூன்று துண்டு பின்னால் தொடங்கும்படி நெறிமுறை பிளேயருக்குச் சொல்கிறது. அதிலேயே 18 வினாடி போய்விட்டது. என்கோடிங்குக்கு மேலும் கொஞ்சம். துண்டு கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும் என்பதால், கீஃப்ரேம் இடைவெளியை 10 வினாடி என்று வைத்தால் துண்டும் நீண்டு தாமதமும் கூடும்.

யூடியூபில் தாமதத்தை மிகக் குறைக்கும் அல்ட்ரா லோ லேட்டன்சி இருக்கிறது. ஆனால் பிளேயரின் பஃபர் (முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இருப்பு) சுருங்குவதால் சின்னத் தடங்கலுக்கும் படம் நின்று வட்டம் சுழல ஆரம்பிக்கும். பார்வையாளர் கேள்வி கேட்டு நீங்கள் பதில் சொல்லும் நிகழ்ச்சிக்கு அது தேவை. கல்யாணத்துக்கு நார்மலே நல்லது. 20 வினாடி பின்னால் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. தாலி கட்டும்போது படம் உறைந்தால் போனது போனதுதான்.

கேள்வி: யூடிபி (தொலைந்த பாக்கெட்டைத் தானே மறுபடி அனுப்பாத முறை) உத்தரவாதம் இல்லாதது என்கிறார்கள். பிறகு ஏன் இணைய அழைப்புகளுக்கு அதையே பயன்படுத்துகிறார்கள்?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: பேச்சில் தாமதமாக வந்த ஒலி, வராத ஒலிக்குச் சமம். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை. தொலைந்ததைத் திரும்பக் கேட்டுப் பெறும் அவகாசம் பல நேரம் அதில் இல்லை. 20 மில்லிவினாடி ஒலி தொலைந்தால் கோடெக் (ஒலியை எண்களாக்கி மீட்கும் நிரல்) அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பிவிடும். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது.

யூடிபியில் வரிசை எண்ணோ நேர முத்திரையோ கிடையாது. அவற்றைச் சேர்ப்பது அதன் மேல் ஓடும் ஆர்டிபி என்ற நெறிமுறை. முன்பின்னாக வந்த பாக்கெட்டுகளை ஜிட்டர் பஃபர் சற்று நிறுத்தி, வரிசைப்படுத்தி, ஒரே சீராக வெளியே விடும். பஃபரைப் பெரிதாக்கினால் ஒலி தெளியும், பேச்சு இழுக்கும். சிறிதாக்கினால் வெட்டு விழும்.

அழைப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்கிடும்போது தலைப்புகளை (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் குறிப்புகள்) விட்டுவிடாதீர்கள். ஜி.711 கோடெக் 64 கேபிபிஎஸ். 20 மில்லிவினாடிக்கு 160 பைட் குரல். அதோடு ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20 பைட். மொத்தம் 200 பைட், வினாடிக்கு 50 பாக்கெட், ஆக 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் தலைப்பு இதற்கும் மேல்.

கேள்வி: கடையின் சிசிடிவியைக் கணினியில் விஎல்சி பிளேயரில் பார்த்தால் படம் இழுபட்டுச் சாம்பலாகிறது. கேமரா பழுதா?
– திருப்பூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் பாக்கெட் லாஸ். கேமராவோடு பேசும் ஆர்டிஎஸ்பி நெறிமுறை 'ஓடு', 'நில்' என்று கட்டளை தருவதோடு சரி. படம் ஆர்டிபியில், பொதுவாக யூடிபி மேல் வருகிறது. நடுவில் ஒரு பாக்கெட் போனால் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை பிழை தொடரும். விஎல்சியின் இன்புட்/கோடெக்ஸ் அமைப்பில் 'ஆர்டிபி ஓவர் ஆர்டிஎஸ்பி – டிசிபி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல கேமராக்களை ஒரே திரையில் பார்க்க சப்ஸ்ட்ரீம் (கேமரா தரும் குறைந்த தரப் படம்) போதும்: முழுத் தரத்தில் 4 எம்பிபிஎஸ் வீதம் 8 கேமரா என்றால் 32 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதில் திணறும்.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ஆர்டிஎஸ்பியின் வாசலான 554 போர்ட்டை ரவுட்டரில் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் படம் பொதுவாகக் குறியாக்கம் இல்லாமல் போகிறது, போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் ஏராளம். விபிஎன் (குறியாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக உள்ளே வந்து பாருங்கள்.