திருவருகைக் காலம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு நாகர்கோவில் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு சென்னை. இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். நவம்பர் பாதி தாண்டினாலே கிறிஸ்துமஸை நினைத்து நெஞ்சு படபடக்கிறது. முந்திரிக்கொத்து, அச்சப்பம், கேக், துணி எடுப்பது, பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு, ஆபீஸ் பார்ட்டி, கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி. கடைப் பலகாரம் என்றால் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். போன வருஷம் டிசம்பர் முதல் தேதியே குடிலும் மரமும் வைத்து போட்டோ எடுத்துப் போட்டுவிட்டோம். 25-ஆம் தேதி மதியம் சாப்பிடக்கூட முடியாமல் தூங்கிப்போனேன். மறுநாள் குடிலைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது. இந்த முறை பாடகர் குழுவையாவது விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். பண்டிகைக்கு முந்தைய நாட்களை நிம்மதியாக அனுபவிக்க வழி உண்டா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

குடிலைக் கழற்றும்போது அழுகை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கிறிஸ்துமஸ் தொடங்குகிற நாளிலேயே நாம் ஏன் அதை முடித்துவைக்கிறோம் என்று கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் விஷயத்தை விடுங்கள். கடையில் வாங்குங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அப்புறம் அவரே முதல் முந்திரிக்கொத்தை எடுப்பார். ஆபீஸ் பார்ட்டியும் பெரிய விஷயமில்லை. ஆனால் முதல் தேதியே குடில் வைத்தீர்கள் அல்லவா, அதில் குழந்தை இயேசுவையும் அன்றைக்கே படுக்கவைத்திருப்பீர்கள். அதை என்னால் சும்மா விட முடியாது.

கோயிலில் நீங்கள் பார்க்காததா? கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலத்துக்கென்று, அதற்கு முன்னால் நான்கு ஞாயிறுகள். பீடத்தில் ஊதா நிறம். அந்த ஞாயிறுகளில் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் சாமியார் அதைத் தொடங்கியதும் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறதே, எதனால்? நான்கு வாரம் அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்காமல் இருந்ததால்தான். பாடகர் குழுவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

எங்கள் வீட்டில் குடிலுக்குப் புல் கடையில் வாங்கியதில்லை. பெரியம்மா டிசம்பர் நடுவில் நெல்லை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி அடுக்களை மூலையில் வைத்துவிடுவார். பிரிக்கும்போது சாக்குக்குள் கையை விட்டால் சூடாக இருக்கும். முளைக்கிற நெல்லுக்கு அப்படி ஒரு சூடு உண்டு. வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், லேசாகப் புளித்த வாசம் அடிக்கும். அதைப் பிய்த்துப் பிய்த்து, மண் நிரப்பிய சிரட்டைகளில் பரப்புவோம். முந்தி விதைத்தால் 24-ஆம் தேதிக்குள் பயிர் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடும். பிந்தினால் வெறும் முளைதான் இருக்கும். நாள் பார்த்துப் போட்டுவிட்டால் அப்புறம் வேலையே கிடையாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுப்பு எனக்கு. தண்ணீரை அள்ளி ஊற்றினால் அடி விழும்.

மாடு, ஆடு, சூசையப்பர், மாதா எல்லாம் குடிலுக்கு வந்த பிறகும் நடுவில் வைக்கோல் வெறுமையாகவே இருக்கும். குழந்தை சொரூபம் பீரோவுக்குள் துணியில் சுற்றியபடி கிடக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினாலும் பெரியம்மா சாவியைத் தர மாட்டார். ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் எடுப்பார். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வெறும் வைக்கோலைக் காட்டியிருக்கிறீர்களா? முதல் தேதியே குழந்தையைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு 24-ஆம் தேதி ராத்திரி புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? புதுச்சட்டை மட்டும்தான்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் அவரைத் துளைத்தெடுத்தார்கள். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். ஞாயிறுக்கு வெள்ளை, மற்ற நாளுக்குச் சிவப்பு, தினம் ஒன்று. அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதனால் கணக்கு 24-க்குச் சரியாக வந்தது. இன்று கோயில்களில் நான்கு மெழுகுவர்த்தி வைக்கிறோமே, அந்த வளையம் இதிலிருந்து வந்ததுதான். கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு அந்த மனிதர் கேக்கை முன்கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கவில்லை. காத்திருப்பதையே கண்ணால் பார்க்கும்படி செய்து கொடுத்தார். அவர்மேல் எனக்குத் தீராத மரியாதை.

அந்த நான்கு வாரங்களைத்தான் நாம் தின்றுவிட்டோம். முதல் தேதியிலிருந்து கேக், பார்ட்டி, பரிசு. 25-ஆம் தேதி வரும்போது நாக்கும் உடம்பும் மரத்துப்போய்விடுகின்றன. ஆனால் விழா அன்றைக்குத்தான் தொடங்குகிறது! ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வரை 12 நாள் கொண்டாடுவது பழைய வழக்கம். பள்ளி விடுமுறையும் அந்த நாட்களில்தான் வருகிறது. சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு, எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். 28-ஆம் தேதி கொண்டுபோய்க் கொடுக்கும் அச்சப்பத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. குடிலை 26-ஆம் தேதியே கழற்ற எந்தச் சட்டமும் இல்லை. ஆறாம் தேதி வரை இருக்கட்டும், அந்த ராஜாக்களும் வந்து சேர வேண்டாமா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இத்தனை வேலை இருக்கிறது, உங்கள் கணவர் எதையாவது செய்ததாக ஒரு வரி இல்லை. நீங்கள் எழுத மறந்திருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்கக் கூடாது, அவருக்குப் போயிருக்க வேண்டும்.

பாடகர் குழுவை விடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் பட்டியலில் காத்திருப்போடு சேர்ந்த வேலை அது ஒன்றுதான், அதைப் போய் முதலில் வெட்டப் பார்க்கிறீர்கள். துணி எடுப்பதைக் குறையுங்கள், பலகாரத்தை ஒன்றாக்குங்கள். பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து, ராத்திரிப் பூசைக்கான ‘உன்னதங்களிலே’யை நான்கு குரலிலும் திருத்தித் திருத்திப் பாடிப் பழகுங்கள். அந்த நாட்களில் வீட்டில் அவர் தோசை சுடட்டும்.