வாசகர் கேள்வி–பதில்: இஞ்சிக் கிழங்கு போல் வளர்ந்த ஈஸ்ட்

கேள்வி: கல்லூரியில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஈஸ்ட்டில் உள்ள சி.டி.சி.34 என்னும் மரபணு இல்லாமல் செல் பிரியாது என்று ஓரிடத்தில் படித்தேன். அது புரதச் சிதைவைச் சேர்ந்த மரபணு என்று வேறோர் இடத்தில் படித்தேன். ஒரு செல் இரண்டாவதற்குப் புதிதாக எதையாவது உண்டாக்க வேண்டும் என்பது புரிகிறது. இருப்பதை அழிப்பது அதற்கு எப்படி உதவும்?
– மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் சரியானவையே. அவை ஒரே செய்தி என்பது ஆய்வாளர்களுக்கே 1988ஆம் ஆண்டில்தான் தெரிந்தது.

பேக்கரியில் மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான் ஆய்வகத்திலும் வளர்க்கப்படுகிறது. அதன் செல், நடுவில் பிளந்து இரண்டாவதில்லை. தாய்ச் செல்லின் ஓரத்தில் சிறு மொட்டு ஒன்று கிளம்பி, வளர்ந்து, உட்கருவில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு தனியே பிரிகிறது. மொட்டின் அளவைப் பார்த்தே ஒரு செல் பிரிவின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் ஹார்ட்வெல் இந்த வசதியைப் பயன்படுத்தித்தான், மிதமான வெப்பநிலையில் வழக்கம்போல் பெருகி, ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் மட்டும் பிரிவின் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிடும் ஈஸ்ட் வகைகளைத் தேடத் தொடங்கினார். அப்படிக் கிடைத்த மரபணுக்களுக்குச் செல் பிரிவுச் சுழற்சி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் சி.டி.சி. என்று பெயரிட்டு வரிசை எண் கொடுத்தார்கள். 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

34ஆம் எண் மரபணு பழுதான ஈஸ்ட்டை வெப்பமான அறையில் சில மணி நேரம் வைத்திருந்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே செல்லிலிருந்து பல மொட்டுகள் நீள நீளமாகக் கிளம்பியிருக்கும். இஞ்சிக் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே உருவம். இத்தனை மொட்டுகள் இருந்தும் உட்கரு ஒன்றே ஒன்றுதான். செல் பிரியும் முன் நகலாக வேண்டிய டிஎன்ஏ அதற்குள் ஒருமுறைகூட நகலெடுக்கப்பட்டிருக்காது. செல்லுக்குப் பசியும் இல்லை, வளர்ச்சியும் குன்றவில்லை. நகலெடுக்கும் வேலையைத் தொடங்க மட்டும் ஏதோ ஒன்று விடவில்லை.

அந்தத் தடை என்னவென்று தெரியும் முன்பே, மரபணு உண்டாக்கும் புரதம் எது என்பது வெளிப்பட்டது. மார்க் கோபல், பிரெக் பையர்ஸ், அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கி உள்ளிட்ட குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது யூபிக்விட்டினைச் சுமந்து சென்று வேறு புரதங்களின்மீது ஒட்டவைக்கும் ஒரு நொதி. யூபிக்விட்டின் 76 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய புரதம். வெட்ட வேண்டிய மரத்தில் வனத்துறையினர் முன்கூட்டியே எண் குறித்துவைப்பதுபோல, அழிக்க வேண்டிய புரதத்தின்மீது செல் இதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ அமைப்பு அந்தச் சங்கிலியை அடையாளம் கண்டு, புரதத்தை மடிப்பு அவிழ்த்து உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்குகிறது. யூபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி பயன்பாட்டுக்கு வருகிறது. இந்த முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் செக்கனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். டிஎன்ஏவை நகலெடுக்கத் தூண்டும் நொதிகள், அதற்குரிய நேரம் வரும் முன்பே செல்லில் சேரத் தொடங்கிவிடுகின்றன. சிக்1 என்னும் சிறு புரதம் அவற்றின்மீது அமர்ந்துகொண்டு அவற்றை இயங்கவிடாமல் வைத்திருக்கிறது. செல் போதிய அளவு வளர்ந்ததும், வேறொரு வகை நொதிகள் சிக்1இன்மீது பல இடங்களில் பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்குழுவை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய சிக்1ஐ எஸ்.சி.எஃப். என்னும் புரதக் கூட்டமைப்பு பற்றிக்கொள்ள, சி.டி.சி.34 நொதி அதன்மீது யூபிக்விட்டின் சங்கிலியைக் கோக்கிறது. சிறிது நேரத்தில் சிக்1 செல்லிலிருந்து காணாமல் போக, அதுவரை அடங்கிக் கிடந்த நொதிகள் விடுபட்டு நகலெடுப்பு தொடங்குகிறது. சி.டி.சி.34 பழுதானால் சிக்1 போகாது. சிக்1 போகாதவரை டிஎன்ஏ நகலாகாது.

இது வெறும் ஊகமன்று. கிம் நாஸ்மித்தின் குழுவினர் 1994இல், சி.டி.சி.34 பழுதான ஈஸ்ட்டிலிருந்து சிக்1 மரபணுவையும் நீக்கிப் பார்த்தார்கள். 37 டிகிரியிலும் டிஎன்ஏ நகலாயிற்று. ஆயினும் அந்தச் செல்கள் பிரிவை முடிக்கவில்லை. இந்த நொதிக்குச் சிக்1 தவிர வேறு இலக்குகளும் உண்டு என்பதற்கு அதுவே சான்று. இந்தப் பின்பாதியைப் பல சுருக்க நூல்கள் விட்டுவிடுகின்றன. தேர்வில் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அழிப்பதற்கென்றே ஒரு புரதத்தைச் செல் ஏன் உண்டாக்க வேண்டும்? பாஸ்பேட்டை ஏற்றி இறக்கியே அதை இயக்கவும் நிறுத்தவும் முடியாதா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: முடியும், ஆனால் ஏற்றிய பாஸ்பேட்டை இன்னொரு நொதி சில நொடிகளில் இறக்கிவிடவும் முடியும். டிஎன்ஏ நகலெடுப்பு பாதியில் மனம் மாறித் திரும்பக்கூடிய வேலையன்று. ஈஸ்ட்டின் 16 குரோமோசோம்களிலும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டிஎன்ஏ எழுத்து இணைகள் (கார இணைகள்) உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி நகலாகி, மறு பகுதி நகலாகாமல் நின்றால் அந்தச் செல் பிழைப்பது அரிது. துண்டாகிப்போன புரதமோ மீண்டும் ஒட்டாது; புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும், அதுவும் அந்தப் பிரிவு முடியும் தறுவாயில்தான் நடக்கும். செல் அழிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்தும்கூட.

சிக்1 தேவையற்றது என்றும் எண்ண வேண்டாம். அது இல்லாத ஈஸ்ட் உயிரோடிருக்கும், ஆனால் போதிய ஆயத்தமின்றி நகலெடுப்பைத் தொடங்கிவிடுவதால், தலைமுறைக்குத் தலைமுறை வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குரோமோசோம்களைத் தொலைத்துக்கொண்டே போகும்.

கேள்வி: இதனால் மனிதருக்கு ஏதேனும் பயன் உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: மனித சி.டி.சி.34 மரபணுவை எடுத்து, அதே மரபணு பழுதான ஈஸ்ட்டில் செலுத்தினால் ஈஸ்ட் மறுபடி பிரியத் தொடங்குகிறது. நம் செல்களில் சிக்1இன் வேலையைச் செய்பவற்றுள் பி27 என்னும் புரதம் முக்கியமானது. அதுவும் எஸ்.சி.எஃப். வழியாகவே அழிக்கப்படுகிறது, பல புற்றுநோய்களில் அதன் அளவு குறைந்திருப்பதைக் காண்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட போர்டிசோமிப் என்ற மருந்து இந்தப் பாதையின் கடைசிக் கட்டமாகிய புரோட்டியசோமையே தடுக்கிறது. அது சி.டி.சி.34 நொதியைத் தொடுவதில்லை என்பதால், ஈஸ்ட் மரபணுவிலிருந்து நேரே மருந்து பிறந்தது என்று எழுதுவது மிகையாகும்.