அவங்க மூளை, யாரோட தண்ணி?

கேள்வி: பணக்காரங்க சொத்துல ஏழைங்களுக்கும் பங்கு இருக்குன்னா, "அவன் மூளை, அவன் ரிஸ்க்"னு எங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாரு. நீங்க இன்னா சொல்றீங்க?
- வாசகி, குடியாத்தம்

பதில்: மூளை, ரிஸ்க் எல்லாம் இருக்கும்மா, இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாருங்க, தோல் ஏற்றுமதில சம்பாதிச்சது மொதலாளி, ஊறத்தொட்டில நின்னது கூலியாளு, கழிவுத்தண்ணியால பாலாறும் கெணறும் கெட்டு நட்டப்பட்டது சம்பந்தமே இல்லாத விவசாயி, அந்த நஷ்டத்த எவன் கணக்குல எழுதுனாங்க? 1996ல சுப்ரீம் கோர்ட்டு வந்துதான் கெடுத்தவனே காசு கட்டணும்னு சொல்லி, தோல் பேக்டரிக்கு தலா 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு (சிரிக்காதீங்க, நஷ்டஈடு தனி). ஏழைக்கு பங்குன்னு நீங்க சொல்றத நான் பாக்கின்னுதான் சொல்லுவேன். வாரிசுங்க கதை வேற, எஸ்டேட் டியூட்டிய (செத்தவங்க விட்டுட்டுப் போற சொத்துக்கு போட்ட வரி) 1985லயே எடுத்துட்டாங்க, பணக்காரங்க சொத்து மேல மத்திய அரசு போட்ட வெல்த் டாக்ஸும் 2015 பட்ஜெட்டோட போச்சு. அப்பன் சொத்துக்கு புள்ள எடுத்த ரிஸ்க் என்னன்னு உங்க வீட்டுக்காரர கேளுங்க.